வாய் திறக்காத சனிக்கிழமை

இனி இந்த ஜென்மத்தில் யாரையும் திருத்துவதில்லை என்று ஈஸ்டர் முடிந்த மறுவாரம் ஒரு மாபெரும் தீர்மானம் எடுத்தேன். சரியாகச் சொல்வதானால் மறுவாரம் இல்லை, அதற்கும் அடுத்த வாரம், செவ்வாய்க்கிழமை. பார்த்தீர்களா, தீர்மானத்தையே திருத்த ஆரம்பித்துவிட்டேன். என் வியாதி இதுதான்.

நான் ஆர்னோ ப்ரூன்ஸ். லூபெக்கில் பிறந்து லூபெக்கிலேயே தலை நரைத்தவன். துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்தேன். பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை நம்பாமல் திறந்து பார்ப்பதற்காக அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. ஓய்வு பெற்றதும் சம்பளம் நின்றுவிட்டது. நம்பாத குணம் நிற்கவில்லை.

என் மனைவி விப்கே மருந்துக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவளால் சும்மா இருக்க முடியாது. பரீட்சை எழுதி, ஊர் சுற்றிக் காட்டும் வழிகாட்டியாகிவிட்டாள். கழுத்தில் அட்டை, கையில் சிவப்புக் குடை, பின்னால் இருபது சுற்றுலாப் பயணிகள். முதல் சனிக்கிழமை அவளுக்குத் தைரியம் கொடுப்பதற்காக நானும் கூடப் போனேன். தைரியம் கொடுத்தேன். அதோடு நகராட்சி மண்டபத்தில் ஒரு திருத்தம், மரியன் மாதா கோயிலில் மூன்று திருத்தம், அதுவும் கொடுத்தேன். பாதி வழியில் கூட்டம் மொத்தமும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னைப் பார்த்து நின்றது. முடிவில் ஒரு கிழவி, வழிகாட்டிக்கு வைத்திருந்த அன்பளிப்பை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். நானும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

அன்று சாயங்காலம் சமையலறையில் ரொட்டியும் சீஸும் நின்றுகொண்டே சாப்பிட்டோம். எங்கள் வீட்டில் மூன்று வருஷமாக நின்றுகொண்டுதான் சாப்பாடு. சாப்பாட்டு மேஜை மேல் என் கப்பல் இருக்கிறது.

கப்பலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோகே என்று பெயர். எங்கள் ஊர் வணிகர்கள் அறுநூறு எழுநூறு வருஷத்துக்கு முன்னால் பால்டிக் கடல் முழுக்க ஓட்டிய, வயிறு பெருத்த மரக்கலம். ஒரே பாய்மரம், ஒரே சதுரப் பாய். அதன் மாதிரியை மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், பலகை பலகையாக, ஆணி ஆணியாக என் கையாலேயே செய்துகொண்டிருக்கிறேன். பிள்ளை குட்டி இல்லாத எனக்கு அதுதான் மூத்த பிள்ளை.

"ஆர்னோ, இனிமே நீ என் பின்னாடி வரக் கூடாது" என்றாள் விப்கே.

"தப்பாச் சொன்னா யாராவது திருத்த வேண்டாமா?"

"திருத்து. வீட்டுக்கு வந்து திருத்து. நடுத்தெருவுல, இருபது பேர் முன்னாடி, ஸ்கூல் பையன் மாதிரி கையைத் தூக்கி, 'மன்னிக்கணும், அது தெற்குக் கோபுரம்'னு சொல்றதா?"

"அது தெற்குக் கோபுரம்தான்."

"எனக்குத் தெரியும்!"

"அப்ப ஏன் வடக்குன்னு சொன்னே?"

"கண்ணுல வெயில் அடிச்சுது, வாய் குழறிடுச்சு!"

"மத்தியானம் கண்ணுல வெயில் அடிச்சா நீ பார்க்கறது தெற்குத்தானே விப்கே."

அவள் வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தாள். விப்கே கத்தியோடு பேசினால் பயமில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினால்தான் ஆபத்து.

"உன்னால ஒரு சுற்று முழுக்க வாயைத் திறக்காம வர முடியுமா?"

"முடியும்."

"முடியாது."

"முடியும்னு சொல்றேன்ல? அதையும் ஏன் தப்பாச் சொல்றே?"

"சரி, பந்தயம். ஹோல்ஸ்டன் வாசல்லேருந்து புர்க் வாசல் வரைக்கும், ஊரோட இந்தத் தலையிலேருந்து அந்தத் தலை வரைக்கும், நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஜெயிச்சா உன் கப்பல் காலம் பூரா மேஜை மேலயே இருக்கட்டும். நான் அதைப் பத்தி மூச்சு விட மாட்டேன். தோத்தா, நிலவறைக்கு இறக்கிடணும்."

எங்கள் வீடு ஆற்றுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கிறது. புயல் அடிக்கிற மாதங்களில் நிலவறைக்குள் ட்ராவே நதி விருந்தாளியாக வந்து தங்கும்.

"நிலவறையில தண்ணி வருமே!"

"கப்பல்தானே? மிதக்கும்."

"அந்தப் படிக்கட்டுல நுழையவே நுழையாது. பாய்மரம் இடிக்கும்."

"அறுத்துடு."

இதை அவள் சொன்ன விதம், வெங்காயத்தை நறுக்கிவிடு என்பது போல இருந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தும்மல் கேட்டது. நாங்கள் குடியிருப்பது, தெருவிலிருந்து குனிந்து நுழைய வேண்டிய ஒரு பழங்காலச் சந்து. இங்கே கையை நீட்டினால் எதிர்வீட்டுக் காபியில் சர்க்கரை போடலாம். அந்த ஜன்னலில் தலையணையைப் போட்டு, அதன்மேல் முழங்கையை ஊன்றி, டோரத்தே அம்மாள் முழுப் பந்தயத்தையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் சாட்சி!" என்றாள். "ப்ரூன்ஸ், கையோட ரம்பத்தைத் தீட்டி வெச்சுடுங்க."

வீராப்பு என்பது பொல்லாதது. கை குலுக்கிவிட்டேன்.

அந்த வாரம் முழுக்கப் பயிற்சி எடுத்தேன். ரொட்டிக் கடைப் பெண் இன்றைக்குப் புதன்கிழமை என்றாள். வியாழன். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். தொலைக்காட்சியில் ஒருவன் வட கடலையும் பால்டிக் கடலையும் மாற்றிச் சொன்னான். எழுந்து போய்த் தோட்டத்துக் களையைப் பிடுங்கினேன். ஆனால் பயிற்சி மட்டும் போதாது என்று என் உள்மனம் சொன்னது. எனவே ஒரு தந்திரம் செய்தேன். பாதாமை அரைத்துச் சர்க்கரையோடு பிசைந்த மார்ஸிபன்தான் எங்கள் ஊர் இனிப்பு. ஒரு துண்டை வாயில் போட்டால் நாக்கு போய் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பேச்சு வரும் போலத் தோன்றும்போதெல்லாம் ஒரு துண்டு. கோட்டின் ரெண்டு பையிலும் நிரப்பிக்கொண்டேன்.

சனிக்கிழமை வந்தது. ஹோல்ஸ்டன் வாசலுக்கு முன்னால் கூட்டம் கூடியது. விப்கே குடையைத் தூக்கினாள்.

"எல்லாருக்கும் மொயின், வணக்கம்! கடைசியில நிக்கறாரே, நீலக் கோட்டும் தொப்பியுமா, அவர்தான் என் வீட்டுக்காரர். இன்னைக்கு அவர் பேச மாட்டார்."

எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மரியாதை தெரிந்த கூட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

"இந்த வாசலோட கோபுரம் ரெண்டும் சாஞ்சு நிக்குது, பார்க்கறீங்களா? ஏன்னா, இதைக் கட்டின கொத்தனாருக்கு ஒரு கால் குட்டை."

என்னது? குட்டைக் காலா? அடியில் சதுப்பு நிலம், கோபுரம் கனம் தாங்காமல் மண்ணுக்குள் இறங்கியது. லூபெக்கில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். ஒரு மார்ஸிபனை வாய்க்குள் போட்டேன்.

"முன்னொரு காலத்துல இதை இடிச்சுடலாமான்னு நகர சபையில ஓட்டு எடுத்தாங்க. எல்லாருமே ஒருமனதா 'வேண்டாம், காப்பாத்தணும்'னுட்டாங்க. அவ்வளவு ஒற்றுமை எங்க ஊர்ல!"

ஒருமனதாவா? ஒரே ஒரு ஓட்டில் பிழைத்த வாசல் அது! எங்கள் ஊரில் ஒற்றுமையா? எங்கள் சந்தில் குப்பைத் தொட்டியை எங்கே வைப்பது என்று எட்டு வீட்டுக்காரர்களும் எனக்குத் தெரிந்த நாளாகச் சண்டை போடுகிறார்கள். ரெண்டு மார்ஸிபன்.

பக்கத்திலிருந்த பழைய உப்புக் கிடங்குகளைக் காட்டி, அந்த உப்பு முழுக்கப் பவேரியா மலையிலிருந்து வந்தது என்றாள். லூனபுர்க்கிலிருந்து வந்த உப்பு! எங்கள் ஊரே அந்த உப்பைத் தின்று வளர்ந்த ஊர்! நான் ஆற்றோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் முன்வரிசையிலிருந்து அந்தக் குரல் வந்தது. தொப்பி போட்ட, சிவந்த கன்னம் கொண்ட ஒரு மனிதர். லோமான் என்று பெயர்.

"நான் ஹாம்பர்க்லேருந்து வரேன். எங்க ஊர்ல இதைவிட நூறு மடங்கு பெரிய கிடங்கெல்லாம் இருக்குங்க."

"இல்லாம இருக்குமா?" என்றாள் என் தர்மபத்தினி. "உண்மையைச் சொன்னா, லூபெக்கே ஹாம்பர்க்காரங்க பார்த்து வளர்த்து விட்ட ஊர்தானே."

இதைப் படிக்கிற உங்களுக்கு இதன் கனம் புரியாமல் போகலாம். உங்களைக் கட்டிக்கொண்டவள் நடுச்சந்தியில் நின்று, உங்கள் பங்காளிதான் உங்களுக்குச் சோறு போட்டு வளர்த்தான் என்று சொன்னால் எப்படி இருக்கும்? ஹான்ஸா வணிக நகரங்களுக்கெல்லாம் ராணி என்று பெயரெடுத்த ஊர் இது. எனக்குப் புரையேறியது. லோமான் ஓடிவந்து என் முதுகில் தட்டினார்.

"தண்ணி வேணுமா சார்?"

தலையை ஆட்டினேன்.

"ஏதாவது சொல்லணுமா சார்?"

இல்லை என்று இன்னும் வேகமாகத் தலையை ஆட்டினேன். கூட்டம் மறுபடியும் சிரித்தது. உப்பிய கன்னத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் போலிருக்கிறது என்று கையால் மறைத்துக்கொண்டேன்.

மரியன் கோயிலுக்குள் போனோம். தெற்குக் கோபுரத்தின் அடியில், யுத்தத்தின்போது குண்டு விழுந்த இரவில் மேலேயிருந்து விழுந்து நொறுங்கிய மணிகள், விழுந்த இடத்திலேயே இன்றும் கிடக்கின்றன. இங்கேயும் ஏதாவது உளறிவிடுவாளோ என்று பயந்தேன். ஆனால் விப்கே குடையை மடக்கிவிட்டாள். தாழ்ந்த குரலில், ஒரு எழுத்துத் தப்பில்லாமல் சொன்னாள். அந்த ராத்திரி ஊருக்கு என்ன ஆயிற்று என்று சின்னப் பெண்ணாக இருந்து பார்த்த என் அம்மா எனக்குச் சொன்னது போலவே சொன்னாள். யாரும் அசையவில்லை. என் கை மார்ஸிபன் பக்கம் போகவே இல்லை. "நல்லாச் சொன்னே விப்கே" என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல முடியவில்லை. பந்தயத்தில் திட்டினாலும் பேச்சு, பாராட்டினாலும் பேச்சு. இத்தனை வருஷத்தில் எத்தனை திருத்தம் சொல்லியிருக்கிறேன், இந்த ஒரு வார்த்தையை எத்தனை தடவை சொன்னேன் என்று யோசித்து வெட்கப்பட்டேன்.

அந்த வெட்கம் கோயில் வாசல் வரைக்கும்தான் நீடித்தது. வெளியே வந்ததும் குடை மறுபடி விரிந்தது.

"எங்க ஊருக்கு 'ஏழு கோபுரத்து ஊர்'னு பேரு. ஆனா எண்ணிப் பாருங்க, எட்டு இருக்கும். அந்தக் காலத்துல எங்க ஆளுங்களுக்குக் கணக்கு வராது."

முதுகுக்குப் பின்னால் கையை வைத்து விரல் விட்டு எண்ணினேன். ஏழுதான். ஏழேதான். மூன்று மார்ஸிபன்.

அடுத்து எங்கள் சந்துக்கே கூட்டி வந்தாள். வரிசையாகக் குனிந்து நுழைந்தார்கள். "இந்த வாசல் ஏன் இவ்வளவு குட்டைன்னா, அப்ப லூபெக்ல எல்லாருமே குள்ளர்கள்" என்று என் வீட்டு வாசலில் நின்றுகொண்டே என் மூதாதையரைக் குறுக்கினாள். தலையணையோடு டோரத்தே அம்மாள் ஜன்னலில் தயாராக இருந்தாள்.

"என்ன ப்ரூன்ஸ், வாய்க்குப் பூட்டா?"

நான் கையை ஆட்டினேன்.

"என்னது? காது கேக்கலை, சத்தமாச் சொல்லுங்க!"

முறைத்தேன்.

"நிலவறையைப் பெருக்கி வெச்சாச்சான்னு கேக்கறேன்!"

பையில் கையை விட்டேன். கடைசித் துண்டு. அதைப் போட்டுக்கொண்டு, நிராயுதபாணியாக, மாலுமிகள் சங்கத்தின் பழைய மாளிகைக்குள் நுழைந்தேன். கூரையிலிருந்து பெரிய பெரிய கப்பல் மாதிரிகள் தொங்கும் இடம். இங்கே வந்து அண்ணாந்து பார்த்துப் பார்த்துத்தான் நான் என் கப்பலையே ஆரம்பித்தேன்.

விப்கே மேலே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"கோகேன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. ஹான்ஸா வணிகர்களோட கப்பல். அதுக்கு மூணு பாய்மரம்."

மூன்று!

என் வீட்டு மேஜையில், என் கையால் இழைத்த ஒற்றைப் பாய்மரம் நிற்கிறது. அதைத் தினமும் துடைப்பவள் இவள்! மூன்று பாய்மரமாம்!

"மூணுதான்" என்றார் லோமான். "எங்க ஹாம்பர்க்ல நாலுகூட வெச்சிருப்பாங்க."

"வெச்சிருப்பாங்க, வெச்சிருப்பாங்க" என்றாள் விப்கே. "பின்னாடி இருக்கறவர் ஏதாவது சொல்ல ஆசைப்படறாரா?"

இருபது ஜோடிக் கண்கள் என்மேல். காதில் ரத்தம் கொதிக்கும் சத்தம் கேட்டது. வாயில் இனிப்பு கரைந்து போயிருந்தது. என் தொப்பியைக் கழற்றி, அதன் விளிம்பைக் கவ்விக் கடித்தேன். மனக்கண்ணில் ரம்பம் வந்தது, படிக்கட்டு வந்தது, கலங்கிய தண்ணீரில் பாய்மரம் இல்லாமல் மிதக்கும் என் பிள்ளை வந்தது. பேசவில்லை. ஐயா, நான் பேசவில்லை! இந்த ஊரின் சரித்திரத்தில் எத்தனையோ முற்றுகைகளைத் தாங்கியவர்கள் உண்டு. அவர்கள் யாரும் விப்கேயின் முற்றுகையைத் தாங்கியதில்லை.

புர்க் வாசலுக்கு வந்து சேர்ந்தோம். விப்கே குடையை மடக்கினாள். என்னிடம் வந்து கையை நீட்டினாள்.

"ஜெயிச்சுட்டே ஆர்னோ. கப்பல் மேஜை மேலயே இருக்கட்டும். இனிமே நீ பேசலாம்."

"ஒண்ணு!" என்று கத்தினேன்.

வாசல் மேலிருந்த புறாக்கள் மொத்தமும் பறந்தன.

"பாய்மரம் ஒண்ணு! ஒண்ணே ஒண்ணு! நாலுன்னு சொன்னவர் எங்கே? லோமான், இங்கே வாங்க! யாரும் கலையாதீங்க! உங்களை இந்தப் பொய்யோட ஊருக்கு அனுப்ப மாட்டேன்!"

லோமானின் கையைப் பிடித்துக்கொண்டேன். வந்த வழியே திரும்பினேன். மாலுமிகள் மாளிகையில் கப்பலைத் திருத்தினேன். சந்தில் குள்ளர்களை நிமிர்த்தினேன். கோபுரம் ஏழையும் எண்ணிக் காட்டினேன், ரெண்டு தடவை. உப்புக் கிடங்குக்கு முன்னால், லூனபுர்க்கில் உப்பு ஏறி இங்கே வந்து, இங்கிருந்து கடல் தாண்டிப் போய் உப்பிட்ட மீனாகத் திரும்பி வந்த கதையைக் கண்ணீர் மல்கச் சொன்னேன். ஆச்சரியம் என்னவென்றால், ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. கால் வலிக்கிறது என்றுகூட யாரும் சொல்லவில்லை. ஹோல்ஸ்டன் வாசலில், அந்தக் குட்டைக்கால் கொத்தனாரைச் சதுப்பு நிலத்தில் புதைத்துவிட்டு நான் மூச்சு வாங்கியபோது, கூட்டம் கைதட்டியது. என் ஆயுளில் யாரும் எனக்காகக் கைதட்டியதில்லை.

லோமான் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பிரமாதம் சார்! டிக்கெட் வாங்கறப்பவே உங்க வீட்டம்மா சொன்னாங்க. முதல் பாதி பூரா நான் புளுகுவேன், ரெண்டாம் பாதியில எங்க வீட்டுக்காரர் வந்து ஒவ்வொண்ணாப் போட்டு உடைப்பார்னு. நாங்களும் மனசுக்குள்ளயே புளுகை எண்ணிக்கிட்டே வந்தோம். ரெண்டு புளுகை நான் விட்டுட்டேன் சார்."

"சொன்னாங்களா?"

"நடுவுல சீண்டலாம், கடிக்க மாட்டார்னுகூடச் சொன்னாங்க. தொப்பியைக் கடிப்பீங்கன்னு மட்டும் சொல்லலை. அந்த இடம் ரொம்ப ஜோர்!"

ஆற்றோரக் கடையில், வெயிலில், எதிர் நாற்காலியின்மேல் காலை நீட்டிக்கொண்டு விப்கே உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் ஒரு கேக்கின் கடைசித் துணுக்கு இருந்தது. போய் நின்றேன்.

"விப்கே, அப்ப பந்தயம்?"

"பந்தயம் இல்லேன்னா முதல் பாதி நீ வாயை மூடிட்டு வந்திருப்பியா?"

"நான் ஜெயிக்கணும்னுதான் நீ பந்தயம் கட்டினியா?"

"நடுவுல நீ வாயைத் திறந்திருந்தா என் சுற்றே பாழாப் போயிருக்கும். மாலுமிகள் மாளிகையில உனக்காக நான் சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன் தெரியுமா? அக்டோபர் வரைக்கும் எல்லாச் சனிக்கிழமைக்கும் டிக்கெட் வித்தாச்சு."

சனிக்கிழமை! நான் கப்பல் வேலை பார்ப்பதே சனிக்கிழமைகளில்தான்.

"நான் வர மாட்டேன்" என்றேன். "கப்பல் மேஜை மேல இருக்கு. நான் கப்பலோட இருக்கேன். நான் ஒண்ணும் உன் சர்க்கஸ் கரடி இல்லை."

"வராதே. யாரு உன்னைக் கட்டாயப்படுத்தறா?" கேக் துணுக்கை முள்கரண்டியால் குத்தி எடுத்தாள். "ஆனா முதல் பாதியை நான் விட முடியாது. ஜனங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. கொத்தனார் கால், குள்ளர்கள், மூணு பாய்மரம் எல்லாத்தையும் சொல்லிட்டு, புர்க் வாசல்ல வெச்சு அப்படியே வழியனுப்பிடறேன். அவங்க பாட்டுக்கு ஊருக்குப் போய்ப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கட்டும்."

"அப்படியேவா?"

"அப்படியேதான். அடுத்த வாரம் ஹாம்பர்க்லேருந்து ஒரு பஸ் நிறைய வராங்க."

எதிர் நாற்காலியிலிருந்து அவள் காலை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். என் கண்ணுக்குள் ஒரு பஸ் ஹாம்பர்க்கை நோக்கிப் போனது. அதன் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு லோமான். ஒவ்வொரு லோமானும் மூன்று விரலைக் காட்டினான்.

"புர்க் வாசலுக்கு நான் எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டேன்.